வயிற்றைப் புரட்டாத படகு

பிப்ரவரி 9, ஞாயிறு

இன்று மத்தியானம் சம்மந்தியின் மடியில் வாந்தி எடுத்துவிட்டேன். வேறு யாராவது எழுதுவதற்கு முன் நானே எழுதிவிடுவது நல்லது.

சம்மந்தி என்றால் மகள் மேகலாவின் மாமனார் ஏகாம்பரம். பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். இன்றைக்கும் எதிரில் வருகிற ஆளை, டிக்கெட் எடுக்காமல் ஏறியவனைப் பார்ப்பது போலத்தான் பார்ப்பார். வளைகாப்பு முடிந்து, எலுமிச்சைச் சோறு, புளிச்சோறு, தேங்காய்ச்சோறு எல்லாவற்றையும் ஒரு பிடி பிடித்துவிட்டு, மேகலாவைத் தலைப்பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்குக் கூட்டி வந்தோம். பயணப் படகில் அவர் பக்கத்தில் நான். பாதி ஏரியில் அந்த மூன்று சோறும் உள்ளே போன வரிசைக்கு நேர் எதிர் வரிசையில் அவருடைய பட்டு வேட்டிக்கு வந்து சேர்ந்தன.

பழவேற்காட்டு ஏரிக்குள் இருக்கிற இந்தக் குருவித்திட்டில் இருபத்தேழு வருடமாக ரேஷன் கடை நடத்துகிறேன். நான் பிறந்தது செய்யாறு பக்கம். அங்கே ஆற்றில் தண்ணீர் வந்தால் ஊரே திரண்டு போய் வேடிக்கை பார்க்கும். வேலைக்கு இங்கே வந்தேன், இங்கேயே பூங்காவனத்தைக் கட்டிக்கொண்டேன், நீச்சல் மட்டும் வரவில்லை. படகு ஆடினால் குமட்டும். ஆடாவிட்டால் எப்போது ஆடுமோ என்று குமட்டும்.

சம்மந்தி வேட்டியை ஏரித் தண்ணீரில் அலசியபடி கேட்டார். “ஆறு மணிக்கு மேல இந்தப் பயணப் படகு கிடையாது. அப்புறம் புள்ளைக்கு வலி எடுத்தா இன்னா பண்ணுவீங்க சம்மந்தி?”

கேள்வி நியாயமானது. அவர் வீட்டு மதில் ஏறிக் குதித்தால் அரசு ஆஸ்பத்திரி. எங்கள் தீவிலோ ஒரு நர்ஸம்மா, அதுவும் செவ்வாய்க்கிழமை மட்டும். ஆனால் தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் என்பது முறை. அதனால் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலிருந்து பெண்ணைப் படகேற்றி, ஆஸ்பத்திரி இல்லாத இடத்துக்குக் கொண்டுவந்து, வலி எடுத்ததும் மறுபடி படகேற்றி ஆஸ்பத்திரிக்கே கொண்டுபோக வேண்டும். இதில் யாருக்கும் எந்தத் தப்பும் தெரியவில்லை.

அவமானத்தில் இருக்கிறவன் பேசக்கூடாது. நான் பேசினேன். “எல்லாம் இந்தப் பயணப் படகுப் புகையால வந்தது சம்மந்தி. நாங்க சொந்தமா மோட்டார் படகு வாங்கறோம்.”

படகில் இருந்த எல்லோரும் கேட்டார்கள். பூங்காவனம் தலைப்பு மடிப்பைச் சரிசெய்து கொண்டாள்.

பிப்ரவரி 10, திங்கள்

கடை திறப்பதற்கு முன்பே தீவு முழுக்கச் செய்தி. வாந்தி பாதி, படகு பாதி. பாமாயில் வாங்க வந்த ஒருத்தி, வேட்டியில் கறை போயிற்றா என்று அக்கறையாக விசாரித்தாள்.

இந்தத் தீவில் எனக்குத் தெரியாதது எதுவும் கிடையாது. எந்த வீட்டில் எத்தனை தலை, யார் பிறந்தது, யார் போனது, யார் மாமியாரோடு சண்டை போட்டுத் தனி அடுப்பு வைத்தது, எல்லாம் அரிசி மூட்டைக்கு முன்னால் வந்துதானே ஆக வேண்டும். தூங்கும்போது எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

பூங்காவனத்தின் மகளிர் குழுத் தோழி தேசம்மாள், வழக்கம்போல் தன் இரண்டு பெண்களும் வாத்துக்குஞ்சு மாதிரி பின்னால் வர, அரிசி வாங்க வந்தாள். “படகு வாங்கறீங்களாமே மாமா” என்றாள். அந்தப் பெண்கள் இரண்டும் ஒன்றை ஒன்று பார்த்துச் சிரித்தன. வயசுப் பெண்கள், எதற்கும் சிரிக்கும்.

பிப்ரவரி 13, வியாழன்

விஷயம் கெட்டியாகிவிட்டது. சம்மந்தி போன் செய்தார். பங்குனி பிறப்பதற்குள் படகு வந்து துறையில் நிற்காவிட்டால் மேகலாவைத் திரும்பக் கூட்டிப்போய்விடுவாராம். வேட்டியைப் பற்றிப் பேசவே இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

இதைச் சொன்னதும் பூங்காவனம் அரிவாள்மணையை அப்படியே வைத்துவிட்டு எழுந்துவிட்டாள். அவளுக்கு இது முறைப் பிரச்சினையும் இல்லை, மானப் பிரச்சினையும் இல்லை. கல்யாணமாகிப் போனதிலிருந்து இந்தப் பெண் இங்கே சேர்ந்தாற்போல் ஒரு வாரம் இருந்ததில்லை. வந்த நாளிலிருந்து அவள் காலுக்கு எண்ணெய் தேய்ப்பதும், தலைக்குச் சாம்பிராணி போடுவதும், பண்ணாமீன் குழம்பு வைப்பதுமாக வீடே திருவிழாவாக இருக்கிறது. “வயித்துப் புள்ளைய நடுவுல எல்லாம் அனுப்ப மாட்டேன்” என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள். எனக்குத்தான் சத்தமாகக் கேட்டது.

ஆகவே, படகு. விசாரித்ததில் இரண்டு தேறின. ஒன்று, அக்கரையில் சுந்தரவரதன் என்ற தரகரிடம் இருக்கிற ‘ஜலராணி’. சுற்றுலாக்காரர்களை ஏற்றிக்கொண்டிருந்த படகு. இன்னொன்று பூங்காவனம் சொன்னது. தேசம்மாளின் மகனுடைய சின்னப் படகாம். அவன் சென்னைக்கு வேலைக்குப் போனதிலிருந்து அதைக் கரையில் கவிழ்த்துப் போட்டிருக்கிறார்களாம்.

“எது வேணுமோ நீங்களே பார்த்து முடிவு பண்ணுங்க” என்றாள். குடும்பத் தலைவனுக்கு உரிய மரியாதை.

பிப்ரவரி 16, ஞாயிறு

ஜலராணியைப் பார்த்துவிட்டு வந்தேன். இன்னும் மனம் அங்கேயே இருக்கிறது.

வெள்ளை உடம்பு, நீலக் கோடு. மேலே கூரை, கூரையின் ஓரமெல்லாம் குஞ்சம். மெத்தை வைத்த சீட்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, கார் மாதிரி ஸ்டியரிங். ஹாரன் வேறு. ஒரு கொட்டகைக்குள் மரக்கட்டைகளின் மேல் தூக்கி நிறுத்தியிருந்தார்கள். ஏணி போட்டு ஏறி ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்தேன். இந்தப் பக்கம் திருப்பினேன், அந்தப் பக்கம் திருப்பினேன். என் வாழ்க்கையில் வயிற்றைப் புரட்டாத முதல் படகு இதுதான்.

சுந்தரவரதன் அடிப்பாகத்தைத் தட்டிக் காட்டினார். “வழவழன்னு இருக்குது பாருங்க சார். உப்புத் தண்ணியில ரெண்டு மாசம் மூணு மாசம் கிடந்தா அடியில சிப்பி ஓடு ஓடா ஒட்டிக்கும், சுரண்டி மாளாது. இது கொட்டகைக்கு வந்ததுலேர்ந்து தண்ணியே பார்க்காம பத்திரமா இருக்குது.” தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம். படகு வாங்கப் போகிறவன் அடியைத் தடவிப் பார்க்க வேண்டும்.

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் வர்ணித்தேன். கடைசியில், குமட்டவே இல்லை என்று சொன்னேன்.

“அது தரைமேல இல்ல நின்னுது” என்றாள் பூங்காவனம்.

மேகலா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். இந்த நேரத்தில் அப்படிச் சிரிக்கக் கூடாது என்று கண்டித்தேன்.

பிப்ரவரி 18, செவ்வாய்

நர்ஸம்மா வந்து பார்த்தார். குழந்தை நன்றாக இருக்கிறது, தலை திரும்பிவிட்டது. கடையில் சர்க்கரை ஸ்டாக் வரவில்லை. பூங்காவனத்தின் உள்ளங்கையில் கொப்புளம். கேட்டால் அம்மியில் அரைத்ததாம். வீட்டில் மிக்ஸி ஓடிக்கொண்டுதானே இருக்கிறது என்று கேட்க நினைத்து, பத்தியத்துக்கு அம்மிதான் போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

பிப்ரவரி 22, சனி

இன்று சின்னப் படகு வெள்ளோட்டம். காலையில் துறைக்குப் போனபோதே தேசம்மாள் அதைத் தண்ணீரில் இறக்கி வைத்திருந்தாள். அதனால் அடியைத் தடவிப் பார்க்க முடியவில்லை. சொன்னேன். “அதெல்லாம் நல்லா இருக்கும் மாமா” என்றாள்.

பார்வைக்குப் பரிதாபமான படகு. தட்டையான அடி. கூரை கிடையாது, மெத்தை கிடையாது, குறுக்கே இரண்டு பலகை. பின்னால் ஒரு குட்டி இஞ்சின். அதைக் கயிற்றைச் சுண்டி இழுத்து ஸ்டார்ட் செய்ய வேண்டும். ஆண்மகன் என்ற முறையில் நான் இழுத்தேன். எத்தனை தடவை என்று எழுதப் போவதில்லை. கடைசித் தடவை கயிறு என் கையில் இருந்தது, நான் தேசம்மாள் மேல் இருந்தேன்.

பூங்காவனம் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஒரே சுண்டு. இஞ்சின் எஜமானியைக் கண்ட நாய் மாதிரி உடனே குரல் கொடுத்தது. படகுக்காரர் வீட்டுப் பெண், ரத்தத்தில் இருக்கும்தானே. வலை கட்ட நட்டிருந்த கம்புகளுக்கு நடுவில் வளைத்து வளைத்து ஓட்டினாள். நான் எலுமிச்சம்பழத்தை மோந்தபடி கண்ணை மூடிக்கொண்டிருந்தேன். பிறகு பழமும் போயிற்று, காலை இட்லியும் போயிற்று.

விலை கேட்டதற்குத் தேசம்மாள், “அத அக்காகிட்ட பேசிக்கிறேன் மாமா” என்று சொல்லிவிட்டாள். பெண்களுக்குள் கூச்சம்.

பிப்ரவரி 26, புதன்

சம்மந்தி போன். “போட்டு வந்துச்சா?” ஆராய்ச்சி நடக்கிறது என்றேன். “புள்ள வர்றதுக்குள்ள ஆராய்ச்சி முடியுமா?” என்றார். ஜலராணியைப் பற்றிச் சொன்னேன். ஸ்டியரிங் என்றதும் குரல் மாறிவிட்டது. எத்தனை பேர் உட்காரலாம், படி உண்டா, முன்பக்க வழியாக ஏறுவதா பின்பக்க வழியாக ஏறுவதா என்றெல்லாம் கேட்டார். எங்கள் சம்மந்தம் ஏற்பட்ட பிறகு நாங்கள் மனம் விட்டுப் பேசியது இன்றுதான்.

மார்ச் 1, சனி

முடிவு எடுத்துவிட்டேன். ஜலராணி.

காரணங்கள் கனமானவை. கூரை இருப்பதால் பிள்ளைத்தாய்ச்சிக்கு வெயில் படாது. குடும்பம் மொத்தமும் சம்மந்தி வீட்டாரும் சேர்ந்து போகலாம். பார்த்தால் ஒரு கௌரவம். குமட்டலைப் பற்றி யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

பூங்காவனத்திடம் சொல்லத் தொண்டையைச் செருமிக்கொண்டு போனேன். அழுகை, கோபம், அண்ணன் வீட்டுக்குப் போய்விடுகிறேன் என்ற பேச்சு எல்லாவற்றுக்கும் பதில் தயாராக வைத்திருந்தேன். அவள் கருவாட்டைத் திருப்பிப் போட்டுக்கொண்டே, “உங்க இஷ்டம்” என்றாள்.

இருபத்தாறு வருட இல்வாழ்க்கையில் இந்த வார்த்தையை நான் கேட்டதில்லை. பெருமையாக இருந்தது. ராத்திரி வெகு நேரமாகியும் தூக்கம் வரவில்லை.

மார்ச் 4, செவ்வாய்

கோதுமை வாங்க வந்த வலைக்காரர் ஒருவர், உங்கள் வீட்டம்மா ஏரி நடுவில் தனியாகப் படகு ஓட்டிக்கொண்டு போவதைப் பார்த்தேன் என்றார். வெயிலில் கண் கூசியிருக்கும் என்றேன். பூங்காவனம் அந்த நேரம் மகளிர் குழுக் கூட்டத்தில் இருந்தாள். கூட்டத்துக்குப் போனவளின் புடவையில் பெட்ரோல் வாடை எப்படி வந்தது என்றுதான் தெரியவில்லை. ஸ்டவ் ரிப்பேர் கற்றுக் கொடுக்கிறார்களோ என்னவோ.

மார்ச் 7, வெள்ளி

சர்க்கரை வந்தது. எடை குறைவு. ஏரித் தண்ணீரும் இறங்கிக்கொண்டு வருகிறது என்கிறார்கள், வெயில்.

மார்ச் 10, திங்கள்

நேற்று எழுத முடியவில்லை. வேட்டி, சட்டை, பேனா எல்லாம் நனைந்திருந்தன.

நேற்று ஜலராணியை எங்கள் துறைக்குக் கொண்டுவருவதாக ஏற்பாடு. பங்குனி பிறப்பதற்கு முன்பே. நான் காலையிலேயே பயணப் படகில் அக்கரை போனேன். வரும்போது எனக்குத் துணையாகச் சம்மந்தியும் ஏறிக்கொண்டார். புது வேட்டி, ஆனால் என்னிடமிருந்து ஒரு சீட்டு தள்ளி உட்கார்ந்தார். சுந்தரவரதன் ஓட்டினார். குஞ்சமெல்லாம் காற்றில் ஆடிற்று. சம்மந்தி ஹாரனை அடித்துப் பார்த்தார். நான் ஒருமுறை அடித்தேன். இரண்டு கிழட்டுப் பிள்ளைகள்.

எனக்கு வழக்கம்போல் குமட்டியது. தரையில் நின்ற ஜலராணி வேறு, தண்ணீரில் போகிற ஜலராணி வேறு என்று புரிந்த அந்த நிமிஷத்தில் திடீரென்று ஆட்டம் நின்றுவிட்டது. குமட்டலும் நின்றுவிட்டது. சொகுசாக இருந்தது. பிறகுதான் தெரிந்தது, படகே நின்றிருந்தது.

தண்ணீர் இறங்கிப்போன ஏரியில் சேற்று மேடு. ஜலராணிக்கு அடி ஆழம். மேட்டில் ஏறிப் பதவிசாக உட்கார்ந்துகொண்டாள். இஞ்சின் உறுமியது, பின்னால் கறுப்புச் சேறு கொப்பளித்தது, ஒரு சாண் நகரவில்லை. முன்னாலும் ஏரி, பின்னாலும் ஏரி. சம்மந்தி என்னை டிக்கெட் இல்லாதவனாகப் பார்த்தார்.

அப்போதுதான் தீவுப் பக்கத்திலிருந்து ஒரு சின்னப் படகு வந்தது. தட்டை அடி. மேட்டின் மேல் அந்த ஆழமில்லாத தண்ணீரில் வழுக்கிக்கொண்டு வந்தது. பின்னால் இஞ்சினைப் பிடித்தபடி பூங்காவனம். நடுவில் எங்கள் வீட்டு மெத்தை, தலையணை, அதன் மேல் மேகலா. பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். தேசம்மாள் குடை பிடித்திருந்தாள். நாள் இன்னும் இருந்தது, வலி முந்திக்கொண்டுவிட்டது.

நான் எழுந்து நின்று, “பூங்காவனம்” என்று கத்தினேன்.

அவள் வேகத்தைக் குறைக்கவில்லை. கடந்து போகும்போது சொன்னாள். “பயப்படாதீங்க. இறங்கி நடந்து வாங்க, இடுப்புக்குத்தான் வரும்.” கொஞ்ச தூரம் போனபின் மறுபடி குரல் வந்தது. “சம்மந்திய கையப் புடிச்சுக்கச் சொல்லுங்க. அவருக்கு நீங்க, உங்களுக்கு அவரு.”

அந்த வலியிலும் மேகலா சிரித்ததை நான் பார்த்தேன்.

சுந்தரவரதனைப் படகுக்குக் காவலாக விட்டுவிட்டு நாங்கள் இருவரும் இறங்கினோம். நான் மூக்கைப் பிடித்துக்கொண்டு கடவுள் பெயரைச் சொல்லிக்கொண்டே குதித்தேன். இடுப்புக்குத்தான் இருந்தது. இருபத்தேழு வருடம் நான் செத்துப்போகப் பயந்த ஏரி. சம்மந்தி வேட்டியை மடித்துத் தலையில் கட்டிக்கொண்டார். ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு, சேற்றில் செருப்புகளைக் காணிக்கை கொடுத்துவிட்டு, ஆஸ்பத்திரிக் கரை வரை நடந்தோம். வழியில் அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். “உங்க வீட்டம்மா இந்த போட்ட எப்ப சம்மந்தி ஓட்டக் கத்துக்கினாங்க?” ரத்தத்தில் இருக்கிறது என்றேன்.

ஆஸ்பத்திரியில் சேறு சொட்ட நின்ற எங்களை வாட்ச்மேன் உள்ளே விடவில்லை. சம்மந்தி வீட்டு மதில் வழியாகத்தான் போனோம். நாங்கள் குதிப்பதற்கும் நர்ஸ் வெளியே வருவதற்கும் சரியாக இருந்தது. பெண் குழந்தை. தாயும் சேயும் நலம்.

பூங்காவனம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். இஞ்சினைப் பிடித்த கை இன்னும் மூடியே இருந்தது. நான் பக்கத்தில் உட்கார்ந்து விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டேன். அப்போதுதான் அழுதாள். கொஞ்சம்தான்.

மார்ச் 13, வியாழன்

பிரசவம் எங்கே நடந்தது என்பதில் தகராறு. ஆஸ்பத்திரி தங்கள் மதிலை ஒட்டி இருப்பதால் தங்கள் வீட்டுக் கணக்கு என்கிறார் சம்மந்தியம்மா. வலி எடுத்தது என் வீட்டு அடுப்படியில், அதனால் தாய்வீட்டுப் பிரசவம்தான் என்கிறாள் பூங்காவனம். நானும் சம்மந்தியும் தலையிடவில்லை. எங்கள் இருவருக்கும் சளி.

மார்ச் 15, சனி

எல்லாக் கோணத்திலும் நிதானமாக ஆராய்ந்து, சின்னப் படகையே வாங்குவது என்று தீர்மானித்து, அதைப் பூங்காவனத்திடம் தெரிவித்தேன்.

“நல்ல முடிவு” என்றாள்.

மேகலாவும் குழந்தையும் அதில்தான் வீட்டுக்கு வந்தார்கள். சம்மந்தி துறை வரை வந்து வழியனுப்பினார். ஜலராணி இன்னும் மேட்டிலேயே இருக்கிறாள். கூரை மேல் நீர்க்காகங்கள் வரிசையாக உட்கார்ந்து சிறகை உலர்த்துகின்றன. குடும்பப் படகுதான், சந்தேகமில்லை.

மார்ச் 16, ஞாயிறு

புது உடைமையாயிற்றே என்று சின்னப் படகைக் கரையேற்றிக் கவிழ்த்தேன். அடியைத் தடவினால் கை கிழிந்துவிட்டது. வெள்ளை வெள்ளையாக ஓடு, ஒன்றின் மேல் ஒன்று, மாவு ஒட்டிக் காய்ந்த தோசைக்கல் மாதிரி. நாள் முழுக்கச் சுரண்டினேன். கரையில் கவிழ்ந்து கிடந்த படகுக்கு இவ்வளவு எப்படி என்று சுரண்டிக்கொண்டே யோசித்தேன். சுந்தரவரதன் சொன்ன கணக்கு சரியென்றால் இது பொங்கல் வாக்கிலிருந்தே தண்ணீரில் கிடந்திருக்க வேண்டும். அதாவது நான் சம்மந்தியின் வேட்டியைக் கெடுத்து, படகு வாங்குகிறேன் என்று சவால் விடுவதற்கும் முன்னாலிருந்து.

பூங்காவனத்திடம் கேட்டேன். “நம்ம ஏரித் தண்ணியில சீக்கிரமே ஒட்டிக்கும்” என்றாள். குழந்தைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்ததால் முகத்தைப் பார்க்க முடியவில்லை. தரகர்கள் பேச்சை நம்பக்கூடாது.

மார்ச் 18, செவ்வாய்

தேசம்மாள் சர்க்கரை வாங்க வந்தாள். படகு கொடுத்து உதவியதற்கு மரியாதையாக நாலு வார்த்தை பேசலாம் என்று, சென்னையில் உன் மகன் எப்படி இருக்கிறான் என்று கேட்டேன். பின்னால் நின்றிருந்த பெண்கள் இரண்டும் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டன.

தேசம்மாளுக்கு அந்த இரண்டு பெண்கள்தான், மகனே கிடையாது. மாதா மாதம் அரிசி போடுகிறவன் நான்.